அடைத்தலும் இறைத்தலும்: சமண வினைக்கொள்கையில் ஒரு முறைவைப்புச் சிக்கல்

முன்பு செய்த தீங்கின் பயனைக் கழிப்பது மனிதனின் முதற்கடமையா, இனி நேரக்கூடிய தீங்கைத் தடுப்பது முதற்கடமையா என்னும் வினாவை இந்தியச் சமயங்கள் பலவும் எதிர்கொண்டன. அவ்விரண்டையும் தனித்தனித் தத்துவங்களாகப் பகுத்து, ஒன்றற்கொன்று உள்ள உறவை வரையறுக்க முயன்றது சமணம். உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் உயிர், உயிரல்லது, ஊற்று, கட்டு, செறிப்பு, உதிர்ப்பு, வீடு என ஏழு தத்துவங்களை எண்ணுகிறது. மனம், மொழி, மெய் ஆகியவற்றின் செயலால் நுண்ணிய வினையணுக்கள் உயிருக்குள் வருவது ஊற்று. வந்தவை உயிரோடு பிணைந்து நிற்பது கட்டு. வரும் வாயிலை மூடுவது செறிப்பு. முன்பே நிறைந்தவற்றைச் சிறிது சிறிதாகக் கழிப்பது உதிர்ப்பு. வடமொழியில் ஆஸ்ரவம், பந்தம், சம்வரம், நிர்ஜரை எனப்படும் இவற்றுக்குத் தமிழ்ச் சமணர் வழங்கிய பெயர்களே இவை.

இக்கோட்பாட்டை விளக்கச் சமண நூல்கள் கையாண்ட உவமை, ஓட்டைப் படகு. உத்தராத்யயன சூத்திரத்தின் 23ஆம் இயலில், பார்சுவநாதரின் மரபில் வந்த கேசியும் மகாவீரரின் மாணவரான கௌதமரும் சிராவஸ்தியில் உரையாடும்போது, உடல் படகாகவும் உயிர் படகோட்டியாகவும் பிறவித் தொடர் கடலாகவும் உருவகிக்கப்படுகின்றன. நீர் கசியும் படகு மறுகரை சேராது, கசியாத படகே சேரும் என்பது கௌதமரின் விடை. தத்துவார்த்த சூத்திரத்துக்குச் சர்வார்த்தசித்தி என்னும் உரை வகுத்த பூஜ்யபாதரும், செறிப்பைப் பற்றிய சிந்தனையை விளக்குமிடத்தில், துளை மூடப்படாத மரக்கலத்தில் நீர் படிப்படியாக ஏறிப் பயணிகளை அழிப்பதையும், துளை மூடப்பட்ட கலம் இடையூறின்றி விரும்பிய இடத்தை அடைவதையும் எடுத்துக்காட்டுகிறார்.

பழைய மரப்படகில் புகுந்த நீர் காலடியிலேயே தெரிந்துவிடும். வினையோ கண்ணுக்குத் தெரியாமல் சேர்வது என்பதால், அதன் இயல்பை இக்காலத்துப் பான்டூன் படகு இன்னும் நெருக்கமாகக் காட்டுகிறது எனலாம். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஆம்ப்ரோஸ் வீரஸ் என்னும் உழவர், வரிசையாகப் பற்றவைத்த எஃகுப் பீப்பாய்கள் மீது மரத்தளம் அமைத்து உருவாக்கிய படகிலிருந்து வளர்ந்த இவ்வகையில், தளத்தைத் தாங்குபவை பெரும்பாலும் மூடப்பட்ட அலுமினியக் குழாய்கள். அவை உள்ளே தடுப்புகளால் பல அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். 60 செ.மீ. விட்டமும் 2 மீட்டர் நீளமும் உள்ள ஓர் அறை நிரம்பினால் ஏறத்தாழ 565 கிலோ எடை கூடும். ஆயினும் மேலே அமர்ந்திருப்பவர் காண்பதெல்லாம் படகின் ஒரு மூலை சற்றே தாழ்ந்திருப்பதை மட்டுமே. புயலோ மோதலோ இல்லாமலேயே இந்நீர் புகக்கூடும். பகல் வெயிலில் விரிந்த உட்காற்று மயிரிழை போன்ற விரிசல் வழியே வெளியேற, இரவுக் குளிரில் எஞ்சிய காற்று சுருங்கும்போது அதே விரிசல் வெளிநீரை உள்ளிழுக்கிறது. சினம், செருக்கு, வஞ்சம், பேராசை ஆகிய நான்கு கஷாயங்களை, அதாவது உயிரைக் கறைப்படுத்தும் உணர்ச்சிகளை, வினை பிணைவதற்குக் காரணமாகச் சமணம் சொல்வதன் பொருள் இங்கே விளங்குகிறது: பெரும்பாவங்களைவிட, நாள்தோறும் விருப்பால் சூடேறி வெறுப்பால் குளிர்ந்து வரும் உள்ளத்தின் வழக்கமான அசைவே உயிரை ஓயாது கனக்கச் செய்கிறது.

இனி முறைவைப்புச் சிக்கலுக்கு வரலாம். துளையை மூடாமல் பம்பு வைத்து இறைப்பது முடிவில்லாத வேலை. சமணமும், வினை தானே பழுத்துப் பயன் தந்து உதிர்வதை ஒருவகை உதிர்ப்பாக ஏற்றாலும், அப்பயனை நுகரும்போதே எழும் விருப்புவெறுப்புகள் புதுவினையைக் கொணர்வதால் அதனால் மட்டும் வீடு கிட்டாது என்கிறது. ஆகவே செறிப்பே முந்தியது என்று தோன்றும். ஆனால் படகைச் செப்பனிடுவோரின் முறை இதற்கு நேர்மாறானது. அவர்கள் முதலில் நீரை வடித்து, உட்புறத்தை உலரவைக்கிறார்கள். பின்னர், அழுத்தம் மிகுந்தால் இணைப்புகள் பிளந்துவிடும் என்பதால் மிகக் குறைந்த அழுத்தத்திலேயே காற்றைச் செலுத்தி, இணைப்புகளின்மேல் சோப்பு நீர் பூசி, குமிழி எழும் இடத்தைக் கண்டறிகிறார்கள். அவ்விடத்தைத் தூய்மை செய்த பிறகே பற்றவைக்கிறார்கள். ஈரம் இருக்கும்வரை பற்றவைப்பு உறுதியாக அமையாது. பழைய பழக்கத்தின் கனம் குறையாத உள்ளத்தில் புதிய உறுதிமொழி நிலைப்பதில்லை என்னும் பட்டறிவும் இதையே சொல்கிறது.

முரண்போலத் தோன்றும் இவ்விரண்டு முறைகளையும் பிரிப்பது, வேலை நிகழும் இடம். செப்பனிடுவோர் படகைக் கரையேற்றிவிட்டே தொடங்குகிறார்கள். வெளிநீர் இல்லாத இடத்தில் துளை திறந்திருந்தாலும் கசிவு தானே நின்றுவிடுகிறது. உயிருக்கு அத்தகைய கரை, வீட்டுக்கு முன்னால் இல்லை; அது பிறவிக் கடலில் மிதந்தபடியே தன்னைச் செப்பனிட்டாக வேண்டும். எனவே அதற்கு அடைத்தலையும் இறைத்தலையும் ஒருங்கே செய்யும் செயல் ஒன்று தேவைப்படுகிறது. தத்துவார்த்த சூத்திரத்தின் 9ஆம் இயல், அடக்கம், விழிப்பான நடை, அறம், சிந்தனை, இடர் பொறுத்தல், ஒழுக்கம் ஆகியவற்றைச் செறிப்புக்கு வழிகளாகக் கூறிய உடனே, தவத்தால் செறிப்போடு உதிர்ப்பும் நிகழும் என்று தனிச் சூத்திரமாகவே சொல்வதன் தேவை இதுவே. உண்ணாநோன்பு இருப்பவர் உணவின்மீது எழும் பற்றைத் தடுக்கும் அந்நேரத்திலேயே, அப்பற்றால் முன்பு சேர்ந்ததையும் கழிக்கிறார்.

இல்லறத்தாருக்கும் இதில் பங்குண்டு. 48 நிமிடம் கொண்ட ஒரு முகூர்த்த காலம் எல்லா உயிரிடத்தும் சமநிலை பூண்டு அமரும் சாமாயிகம் என்னும் நோன்பில், அவர் அக்காலத்துக்குத் துறவியை ஒத்தவராகக் கருதப்படுகிறார். அலைகள் ஓய்ந்த அச்சிறு பொழுதில், மற்ற வேளைகளில் புலப்படாத கசிவு எங்கே இருக்கிறது என்பதை அவர் உள்நோக்கிக் காண முடிகிறது.

ஆகவே, கழிவிரக்கமா உறுதிமொழியா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கேட்பதே பொருந்தாத கேள்வி. புதிய தீங்கைத் தடுக்காத கழிவிரக்கம் அதே தவற்றுக்கு மீண்டும் மீண்டும் வருந்துவதாகவே முடியும். பழைய தீங்கின் கனத்தைக் குறைக்க முயலாத உறுதிமொழி அக்கனத்தாலேயே முறியும். இரண்டையும் ஒரே செயலில் இணைக்கும் ஒழுக்கத்தை நாடுவதே, மிதந்துகொண்டே திருந்த வேண்டிய மனித வாழ்வுக்கு உகந்த வழியாகும்.