பழமையைப் பேணுதலும் பழமையில் விடப்படுதலும்

பயன்கருதிப் பொருளைத் தேடும் மனிதன், பயன் குன்றிய பின்னரும் சில பொருள்களைக் கைவிட மனங்கொள்வதில்லை. பழைய நாணயம், பழைய ஏடு, பழைய கடிகாரம் என அவன் பற்று பலவாறு விரியும். இப்பற்று உள்ளத்தைப் பண்படுத்தும் ஒழுக்கமா, அன்றி உடைமைச் செருக்கின் நாகரிக வடிவமா என்பது ஆராயத்தக்க வினா. பிரித்தானியாவில் உருவான பழைய மோட்டார் சைக்கிள்களைத் தேடிப் பெற்று, செப்பனிட்டு ஓட்டுவதில் சிலர் கொண்டுள்ள ஆர்வத்தைச் சபரகமுவப் பெருந்தோட்டங்களின் பின்னணியில் வைத்து நோக்கின், அவ்வினா கூர்மை பெறுகின்றது.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்கள் பெரும்பாலும் மலைச்சரிவுகளில் அமைந்தவை. பலாங்கொடை, இறக்குவானை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை முதலிய பகுதிகளின் ஒடுங்கிய தோட்டப் பாதைகளுக்கு மோட்டார் சைக்கிள் ஏற்ற ஊர்தியாயிற்று. ஆங்கிலேயர் காலத்திலும் அதன் பின்னரும் சின்னத்துரைமார் பலர் அதிலேறியே மலையில் வேலை பார்வையிடச் சென்றனர். பி.எஸ்.ஏ., நோர்ட்டன், ட்ரையம்ப், மட்ச்லெஸ் என்பன அக்காலத்தில் உலகெங்கும் புகழ்பெற்றிருந்த பெயர்கள். யப்பானிய வண்டிகளின் போட்டிக்கு ஈடுகொடுக்க இயலாது அத்தொழில் 1970களில் சரிந்தது. மெரிடனில் இருந்த ட்ரையம்ப் தொழிற்சாலையை மூடும் முடிவை எதிர்த்து 1973இல் தொழிலாளர் அதனைத் தம் வசமாக்கினர். அவர்கள் அமைத்த கூட்டுறவும் 1983இல் முடிவுற்றது. தாய்நாட்டில் தொழிற்சாலைகள் மறைந்த பின்னரும் அவற்றின் வண்டிகள் தொலைநாடுகளில் உயிர்வாழ்ந்தன.

இத்தகைய வண்டியை வைத்திருப்பவனிடம் சில நற்பண்புகள் வளர்கின்றன என்பதை மறுத்தல் இயலாது. அது ஒரு பொத்தானை அழுத்தியதும் இயங்கும் பொறியன்று. எரிநெய்யை அளவறிந்து விட்டு, தீப்பொறியின் நேரத்தை நெம்புகோலால் திருத்தி, காலால் உதைத்து எழுப்புதல் வேண்டும். 1841இல் யோசப் விற்வேர்த் வகுத்த திருகாணி அளவுமுறையைத் தழுவிய பாகங்களுக்கு மில்லிமீற்றர் அளவுச் சாவிகள் பொருந்தா. ஆகவே பொறுமை, கூர்ந்த நோக்கு, ஒலிகேட்டுக் குறையறியும் செவி ஆகியன உடையோனுக்கே அவ்வண்டி பணியும். பழுதுற்றதை எறிந்து புதியதை வாங்கும் பழக்கம் மேலோங்கிய காலத்தில், பழுதுற்றதைப் பேணுதல் ஓர் ஒழுக்கமே.

எனினும், பேணப்படுவது யாது? ஆர்வலர் பலர் 'அசல்' என்ற சொல்லை மந்திரமாகக் கொள்வர். தொழிற்சாலையை நீங்கிய நாளில் எவ்வாறிருந்ததோ அவ்வாறே வண்டி இருத்தல் வேண்டும் என்பது அவர்தம் விருப்பம். ஆனால் 1960களின் தொடக்கம் முதல் 1977 வரை இலங்கையில் நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடுகளின்போது உதிரிப்பாகங்கள் அரிதாயின. அந்நாளில் பழைய வண்டிகளை ஓடச்செய்தவர்கள் சிற்றூர்ப் பட்டறைகளின் மெக்கானிக்குகளே. கிடைத்த உலோகத்தைக் கடைந்து பாகமாக்கியவர்கள் அவர்கள். அப்பாகத்தை 'போலி' எனக் கழற்றி எறிந்து, பெருவிலைக்குக் கடல்கடந்து அசலை வரவழைப்பவன், வண்டியைக் காத்த கையின் சுவட்டையே அழிக்கின்றான். பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட தீசியசின் கப்பல் அதே கப்பல்தானா எனக் கிரேக்கர் வினவினர். மாற்றிய தச்சரை மறவாதவரையில் அது அதே கப்பலே எனல் தகும். மேலும், அசல் ஆங்கிலேயப் படைப்பெனப் போற்றப்படும் பி.எஸ்.ஏ. பான்டம் வண்டியே, உலகப்போரின் பின் இழப்பீடாகப் பெற்ற ஜேர்மனிய வரைபடத்தைத் தழுவி 1948இல் வெளிவந்ததாகும். கலப்பற்ற அசல் என்பது வரலாற்றில் அரிது.

நினைவும் அவ்வாறே கலப்புடையது. பி.எஸ்.ஏ. நிறுவனம் 1861இல் பேர்மிங்காமில் துப்பாக்கி செய்வோரால் தொடங்கப்பட்டது. ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கிகளே அதன் சின்னம். எரிநெய்க் கலத்தில் அச்சின்னத்தைத் துடைத்து மெருகேற்றும் கை, அதன் பொருளையும் எண்ணிப்பார்த்தல் நன்று. மலைவளைவில் எழும் எஞ்சின் ஒலி ஆர்வலன் செவிக்கு இசை. கொழுந்தெடுப்பவள் செவிக்கோ, துரை வருகிறார் என்னும் எச்சரிக்கை. ஒரே ஒலியில் இரு வரலாறுகள் உறைகின்றன. அவற்றுள் ஒன்றை மட்டும் கேட்பவன் பழமையின் பாதியையே நேசிக்கின்றான்.

இங்கு மற்றொரு பழமையும் கண்ணெதிரே நிற்கின்றது. அதே ஆட்சிக்காலத்தில், அதே தோட்டங்களில் எழுந்தவை லயக்காம்பராக்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி எனப் பலவிடங்களில் அமைந்த அவ்வறைகளுட் பலவற்றில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. வண்டியும் லயமும் ஒரே யுகத்தின் படைப்புகள். வண்டியின் பழமை விரும்பித் தேர்ந்தது. லயத்தின் பழமை வேறு வழியின்றி ஏற்றது. முன்னதற்கு விலை ஏறுகின்றது. பின்னதற்குக் கூரை ஒழுகுகின்றது.

பழமையைப் பேணுதற்கு நிலைத்த இருப்பும் வேண்டும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இரு நாடுகளுக்கும் பங்கிடப்பட்டு, 1981இல் இரத்தினபுரிப் பகுதியில் வன்செயலுக்கும் ஆளான மக்கள், தம் பாட்டன் பயன்படுத்திய பொருளை எங்ஙனம் காத்து வைப்பர்? கையிலேந்தக்கூடியதே அவர்க்குப் பரம்பரைச் சொத்து.

அவ்வாறாயின், வறுமை நீங்கும்வரை இத்தகைய இன்பங்கள் யாவும் தள்ளத்தக்கனவோ எனச் சிலர் வினவக்கூடும். அங்ஙனம் கொள்ளின் கலையும் விளையாட்டும் உலகில் இடம்பெறா. ஆர்வலன் லயத்தைக் கட்டியவனும் அல்லன். வண்டியை விற்றுவிடுவதால் ஒரு கூரையும் செப்பமாகிவிடாது. அவன்மீது சுமத்தத்தக்கது குற்றமன்று, ஒரு கடமை. நூலளவு தேய்மானத்தை விரல்நுனியால் உணரும் ஒருவன், தான் வண்டியோட்டிச் செல்லும் பாதையோரத்துச் சுவரின் வெடிப்பைக் காணாதிருப்பின், அவனிடம் இருப்பது திறமை மட்டுமே. பேணுதல் என்னும் பண்பு ஒரு பொருளோடு நின்றுவிடின் அது பற்று. அப்பொருள் வழியாகப் பிறவற்றுக்கும் பரவின் அறம்.

ஆதலின், பழைய வண்டியை மெருகேற்றுவோர் அதன் வரலாற்றையும் மெருகேற்றி மறைத்துவிடாதிருத்தல் வேண்டும். அதனை ஆக்கிய தொழிலாளரையும், கடைந்து காத்த மெக்கானிக்கையும், அதன் ஒலிகேட்டு விரைந்து கொழுந்தெடுத்தவளையும் நினைவில் ஏற்றிக்கொண்டு ஓட்டுபவனே அவ்வண்டியின் முழு உரிமையாளன். அவளுடைய பேரப்பிள்ளைகள் இன்றும் அப்பாதையோரத்து லயத்தில் வாழ்கின்றனர் என்பதை அவன் அறிந்திருத்தல், அவ்வுரிமையின் முதற் கடன்.