கியாமத்துக்குத் தேதி குறிக்கலாமா?

மதீனாவிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் ஒரு கடிதத்தை நம்மில் பலரும் பார்த்திருப்போம். ரவ்ளா ஷரீபின் பணியாளர் ஷெய்கு அஹ்மது என்பவர் நாயகம் (ஸல்) அவர்களைக் கனவில் கண்டாராம். கியாமத் நெருங்கிவிட்டதாக அறிவிக்கப்பட்டதாம். இதைப் பிரதியெடுத்துப் பரப்புகிறவருக்குச் செல்வம் சேருமாம், அலட்சியம் செய்கிறவருக்குத் துன்பம் நேருமாம். இது பொய் என்று ஷெய்கு அப்துல் அஸீஸ் பின் பாஸ் அவர்கள் மறுப்பே எழுதினார்கள். ஆனாலும் ஓயவில்லை. முன்பு துண்டுப் பிரசுரமாக வந்தது, இப்போது கைப்பேசியில் வருகிறது.

இதைப் பரப்புகிறவர்களில் பலர் நல்லெண்ணம் உள்ளவர்களே. "தொழாதவன் இதைப் பார்த்துப் பயந்தாவது தொழட்டுமே, என்ன கெட்டுவிட்டது?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைத்தான் நாம் இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

அந்த நாள் எப்போது என்ற அறிவு அல்லாஹ்விடமே உள்ளது, அது திடீரென்றுதான் வரும் என்று அஃராஃப் அத்தியாயத்தின் 187ஆம் வசனம் அறிவிக்கிறது. ஜிப்ரீல் (அலை) மனித உருவில் வந்து கேட்டபோது, கேட்கிறவரைவிடத் தமக்கு அதிகம் தெரியாது என்றே பெருமானார் (ஸல்) விடையளித்தார்கள். அடையாளங்களைச் சொன்னார்கள், தேதியைச் சொல்லவில்லை. பிற சமயத்தாரின் நூல்களும் இதில் அடக்கமாகவே பேசுகின்றன. அந்த நாளை வானவர்களும் அறியார் என்கிறது மத்தேயு சுவிசேஷத்தின் 24ஆம் அத்தியாயம். முடிவைக் கணக்கிடுவோரை யூதர்களின் தல்மூது சபிக்கிறது. இந்துப் புராணக் கணக்கில் கலியுகம் 4,32,000 ஆண்டுகள். கழிந்தவை ஐயாயிரத்துச் சொச்சமே.

அப்படியானால் தேதி எங்கிருந்து வந்தது? மனிதர்களிடமிருந்துதான். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற போதகர் தானியேல் ஆகமத்தை வைத்துக் கணக்கிட, அவரைப் பின்பற்றியோர் 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்துக் காத்திருந்தார்கள். மறுநாள் வழக்கம்போல் விடிந்தது. 1962 பிப்ரவரியில் மகர ராசியில் எட்டுக் கிரகங்கள் கூடுகின்றன, உலகம் அழியப்போகிறது என்று நம் நாட்டில் பீதி கிளம்பி, யாகங்கள் நடந்தன. அதுவும் கடந்தது.

பிறரைப் பார்த்துச் சிரிக்க நமக்கு உரிமை இல்லை. இஸ்லாம் வந்தபின் உலகம் ஐந்நூறு ஆண்டே நிற்கும் என்று இமாம் தபரீ கருதியதையும், காலம் அதைப் பொய்யாக்கியதையும் இப்னு கல்தூன் எடுத்துக்காட்டுகிறார். இந்த உம்மத்தின் ஆயுள் ஆயிரம் ஆண்டைத் தாண்டும், ஆயிரத்து ஐந்நூறை எட்டாது என்று இமாம் சுயூத்தி தனி நூலே எழுதினார்கள். அவர்களின் கல்விக்கு முன் நாம் தூசு. ஆயினும் கணக்கு கணக்குதான், வஹீ அல்ல. ஹிஜ்ரி 1400 முஹர்ரம் முதல் நாள், அதாவது 1979 நவம்பர் 20 அன்று, ஜுஹைமான் அல் உதைபீ என்பவர் ஆயுதம் தாங்கிய கூட்டத்துடன் ஹரம் ஷரீபைக் கைப்பற்றி, தம் மைத்துனரையே மஹ்தி என்று அறிவித்தார். எறும்பைக் கொல்லவும் தயங்கும் அந்தப் புனித எல்லைக்குள் இரண்டு வாரம் துப்பாக்கி முழங்கியது. மஹ்தி எனப்பட்டவரும் அந்த முற்றுகையிலேயே மாண்டார்.

தென்னாப்பிரிக்காவின் கோசா மக்கள் பட்டதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. வெள்ளையர் போரில் நிலத்தைப் பறித்திருந்தனர். ஐரோப்பிய மாடுகளோடு வந்த நுரையீரல் நோய் மந்தைகளை அழித்துக்கொண்டிருந்தது. 1856இல் நொங்கவூசே என்ற சிறுமி, முன்னோர் தன்னிடம் பேசியதாகச் சொன்னாள்: மாடுகளை எல்லாம் கொன்று தானியத்தையும் அழித்துவிட்டால் இறந்தோர் எழுவர், புது மந்தைகள் வரும், வெள்ளையர் கடலில் தள்ளப்படுவர். மன்னர் சரிலியும் நம்பினார். சுமார் நான்கு லட்சம் மாடுகள் வெட்டப்பட்டன. குறித்த நாளான 1857 பிப்ரவரி 18 அன்று சூரியன் எப்போதும்போல் உதித்து, எப்போதும்போல் மறைந்தது. அடுத்து வந்த பஞ்சத்தில் ஏறத்தாழ நாற்பதாயிரம் பேர் மாண்டனர். பிழைத்தவர்களில் ஏராளமானோர் தங்கள் நிலத்தைப் பறித்தவர்களிடமே கூலிகளாகப் போனார்கள். அந்தச் சிறுமி பொய் சொன்னாளா, தானே நம்பினாளா என்பது இறைவனுக்குத் தெரியும். பட்டினி கிடந்த பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான்.

என்ன கெட்டுவிட்டது என்று கேட்போருக்கு இது ஒரு விடை. நாளை உலகம் இல்லை என்று நம்பியவன் இன்று விதைக்கமாட்டான், கடனை அடைக்கமாட்டான், மகளின் திருமணத்தை யோசிக்கமாட்டான். கியாமத்தை உணர்ந்தவனோ இவற்றை எல்லாம் கூடுதல் கவனத்துடன் செய்வான். ஒவ்வொன்றுக்கும் கேள்வி உண்டென்று அவனுக்குத் தெரியும். கையில் பேரீச்சங்கன்று இருக்கும்போது கியாமத் வந்தாலும், முடிந்தால் அதை நட்டுவிடச் சொன்ன நபியின் உம்மத் நாம்.

இன்னொரு விடையும் உண்டு. நூஹ் இப்னு அபீ மர்யம் என்பவர், மக்கள் குர்ஆனை விட்டு விலகுகிறார்களே என்று கவலைப்பட்டு, ஒவ்வொரு சூராவின் சிறப்புக்கும் ஹதீதுகளை இட்டுக்கட்டினார். எண்ணம் நல்லதுதான். ஆனால் ஹதீதுக்கலை இமாம்கள் அவரைப் பொய்யர் பட்டியலில் அல்லவா வைத்தார்கள்! கனவுக் கடிதத்துக்கு வேறு தீர்ப்பு எப்படிக் கிடைக்கும்? அதைக் கண்டு பள்ளிக்கு ஓடிவந்தவன், சொன்ன நாள் கடந்ததும் கடிதத்தை மட்டுமா சந்தேகிப்பான்? மெய்யான அடையாளங்களையும் அதே கண்ணோடுதான் பார்ப்பான்.

ஒருவர் வந்து, அந்த நாள் எப்போது என்று நபிகளாரிடம் கேட்டார். அதற்கு நீர் என்ன தயாரித்து வைத்திருக்கிறீர் என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். பெரிதாகத் தொழுகையோ நோன்போ இல்லை, அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிக்கிறேன் என்றார் அவர். நீர் நேசிப்பவருடனேயே இருப்பீர் என்று பதில் வந்தது. நாயகம் (ஸல்) அவரைப் பயமுறுத்தவில்லை. அந்தச் சபையில் இருந்தோர் இஸ்லாத்தில் நுழைந்த பிறகு இதைப்போல் வேறெதற்கும் மகிழ்ந்ததில்லை என்று அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள்.