ஓடுபாதை

பத்து பெரண்டாமில் குடியிருப்பவர்களுக்குச் சின்ன விமானத்தின் இரைச்சல் சேவல் கூவுவது மாதிரி. எங்கள் தாமானுக்கு அப்பால்தான் மலாக்கா விமான நிலையம். பயிற்சி விமானங்கள் ஏறும், ஒரு வட்டம் போடும், இறங்கும். சக்கரம் தரையைத் தொட்டதும் நிற்காமல் இன்னொரு முறை ஓடி ஏறும். பல வருடமாகக் கேட்டுக் கேட்டு அது காதில் விழாமலே போய்விட்டது. 2025 பிப்ரவரி 10ஆம் தேதி, தைப்பூசத்துக்கு முதல் நாள் காலையில்தான் மறுபடி விழுந்தது.

அன்று திங்கட்கிழமை. மறுநாள் பால்குடத்துக்கான வேலையில் வீடு பரபரத்துக்கொண்டிருந்தது. அக்காள் மகன் மட்டும் எலுமிச்சம்பழக் கூடையில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து அமெரிக்கப் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். நியூ ஆர்லியன்ஸில் அப்போது ஞாயிறு மாலை. சூப்பர் பவுல் இறுதி ஆட்டம்.

"மாமா, ஓடுற குவாட்டர்பேக் ரொம்ப நாள் தாங்க மாட்டான்னு சொல்றாங்க. நீங்களும் ஓடுன ஆள்தானே. என்ன சொல்றீங்க?"

அவனுக்கு அப்போது ஒன்றும் சொல்லவில்லை. கேள்வி மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

அந்த ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பக்கத்துக்குப் பதினொரு பேர். நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். பெரும்பாலான முயற்சிகளில் பந்து முதலில் குவாட்டர்பேக்கின் கைக்குத்தான் வரும். யாரிடம் எறிவது என்று அவர் பார்ப்பதற்கு இரண்டு மூன்று வினாடிதான் கிடைக்கும். அதற்குள் நூறு கிலோவுக்கு மேலான ஆட்கள் அவரைச் சாய்க்கப் பாய்ந்து வருவார்கள். தன் ஆட்கள் அமைக்கும் அரணுக்குள் நின்று எறிவதுதான் பழைய பள்ளி. டாம் பிரேடி அப்படித்தான். ஓட்டத்தில் மெதுவானவர், ஏழு சூப்பர் பவுல் வென்று 45 வயதுவரை ஆடினார். இன்னொரு வகையினர், ஆள் நெருங்கியதும் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தாங்களே ஓடிவிடுவார்கள். பார்க்கக் கண்கொள்ளாது. ராபர்ட் கிரிஃபின் 2012இல் அப்படி ஓடி, முதல் பருவத்திலேயே சிறந்த புதுமுகத் தாக்குதல் வீரர் விருது வாங்கினார். 2013 ஜனவரியில் முழங்கால் தசைநார்கள் கிழிந்தன. பழைய கிரிஃபினை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

அந்த முழங்காலைப் பற்றிப் படிக்கும்போது என் கை தானாக என் முட்டிக்குப் போகும்.

எண்பதுகளில் எங்கள் தோட்டக் குழுவுக்கு நான் லெஃப்ட் விங். விடியற்காலையில் ரப்பர் மரம் வெட்டி, பால் எடுத்து, தோளில் காண்டாக் கம்பு தூக்கி, வெயில் தாழ்ந்ததும் திடலுக்கு ஓடுவோம். பந்து என் காலுக்கு வந்தால் கோட்டோரமாக ஒரே ஓட்டம். எதிர்த் தோட்டத்துக்காரன் திரும்புவதற்குள் நான் அவனைத் தாண்டியிருப்பேன். லயத்துப் பிள்ளைகள் என் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். நடுவில் ஆடியவர் பால் ஸ்டோரில் நிறுவை பார்த்த அண்ணன். நாற்பதை நெருங்கியவர். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. "தலையத் தூக்குடா தம்பி" என்பார் ஒவ்வொரு ஆட்டத்திலும். தூக்கி என்ன ஆகப்போகிறது? நான்தான் எல்லாரையும் தாண்டிவிடுகிறேனே.

இருபத்தேழு வயதில் முட்டி போனது. ஆறேழு மாதம் கழித்துத் திரும்பி வந்தேன். வேகத்தில் அரை அடிதான் குறைந்திருந்தது, அதற்கு மேல் இல்லை. ஆனால் அந்த அரை அடியில் எதிராளி என் முன்னால் நின்றான். பந்து காலில் இருக்க, முதல் தடவையாக நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். பத்து வருடம் ஆடிய திடல் எனக்கு ஊர் தெரியாத இடம் போல இருந்தது. யார் எங்கே நிற்பார்கள், எந்த இடம் காலியாகும், எதுவும் தெரியவில்லை. கால் ஒவ்வொரு முறையும் என்னைக் காப்பாற்றியதால் கண்ணுக்கு வேலையே வந்ததில்லை. என் ஆட்டத்தை முடித்தது முட்டி என்றுதான் நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. அந்தப் பத்து வருடமும் நான் ஆட்டத்தைப் படிக்கவில்லை. முட்டி அதைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

நம் நாட்டில் ஓட்டம் என்றால் நினைவுக்கு வருபவர் டாக்டர் மணி ஜெகதீசன். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஓடும்போது அவருக்குப் பதினாறு வயது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 200 மீட்டர் தங்கம். 1966 பாங்காக்கில் 100, 200, நான்கு பேர் தொடரோட்டம் என்று மூன்று தங்கம். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 49 ஆண்டு நின்றது. 2017இல் அதை 20.90 ஓடி முறியடித்தவர் நம் மலாக்காப் பையன் கைருல் ஹஃபிஸ் ஜந்தான். அரை நூற்றாண்டுக்கு வினாடியில் நூற்றில் இரண்டு பங்கு! அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

இதைவிடப் பெரிய விஷயமாக எனக்குப் படுவது வேறு. அந்தத் தங்கங்களின் காலத்தில் அவர் சிங்கப்பூரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார். பறக்கும் டாக்டர் என்று பெயர் வந்தது அதனால்தான். பின்னாளில் மருத்துவ ஆய்வுக் கழகத்துக்குத் தலைமை ஏற்றார். சுகாதாரத் துறையில் உயர்ந்த பதவி வகித்தார். விளையாட்டு மருத்துவத்திலும் ஊக்கமருந்து ஒழிப்பிலும் நீண்ட காலம் உழைத்தார். கால் ஓய்ந்த பிறகு அவர் வேறு வாழ்க்கை தேடவில்லை. கால் பறந்துகொண்டிருந்தபோதே அது பக்கத்தில் தயாராகிக்கொண்டிருந்தது. தோட்டத்துப் பிள்ளைகளான எங்களுக்கு அவருடைய பதக்கங்களைச் சொன்ன பெரியவர்கள் இதையும் அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

அமெரிக்காவில் இதே கதை ஆட்டத்துக்குள்ளேயே நடந்திருக்கிறது. ஃபிரான் டார்கென்டன் 1961 முதல் 1978 வரை 18 பருவம் ஆடினார். கோழி பிடிக்கிறவன் கையிலிருந்து கோழி தப்புகிற மாதிரி அங்குமிங்கும் ஓடுவார். அவர் விலகும்போது அதிக தூரம் எறிந்தவர் என்ற சாதனை அவர் பெயரில் இருந்தது. ஓடுகிற ஆள் எறிகிற சாதனையை எப்படி வைத்திருந்தார்? அவர் ஓடியது பெரும்பாலும் பக்கவாட்டிலும் பின்னாலும்தான். தூரம் அவருக்குப் பெரிதில்லை. இன்னும் இரண்டு வினாடி வேண்டும், அந்த நேரத்தில் ஒருவன் காலியாக நிற்பான், அவனைக் கண்டுபிடிக்க வேண்டும். லாமர் ஜாக்சனையும் பாருங்கள். 2019இல் 1,206 கெஜம் ஓடினார். 2024இல் அவர் எறிந்த பந்து 41 முறை எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி சேர்த்தது, அதாவது 41 டச்டவுன்; எறிந்ததை எதிராளி பறித்தது நான்கே முறை. சூப்பர் பவுல் மேடை அவருக்கு இன்னும் கிட்டவில்லை. ஆனால் 2019இல் ஓடிய அந்த ஆள், ஓட்டத்தை விடாமலே எறிபவராகவும் வளர்ந்திருக்கிறார்.

உடம்பு உடையவே உடையாது என்று சொல்ல வரவில்லை. ஓடவும் எறியவும் ஒருசேரத் தெரிந்த ஸ்டீவ் யங்கைக்கூடத் தலையில் வாங்கிய அடிதான் 1999இல் நிறுத்தியது. அதற்காகத்தான் அந்த ஆட்டத்தில் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். ஓடும் குவாட்டர்பேக் காலை முன்னே நீட்டிச் சறுக்கி உட்கார்ந்துவிட்டால் முயற்சி அங்கேயே முடிந்தது. அவரை யாரும் மோதக் கூடாது. இன்னும் நாலு கெஜம் கிடைக்கலாம், கூட்டம் எழுந்து கத்துகிறது, அந்த நேரத்தில் தானாகத் தரையில் உட்கார வேண்டும். இளம் வயதில் அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நான் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை.

அன்று காலை குவாட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸின் ஃபிலடெல்ஃபியா, கேன்சஸ் சிட்டியை 40-22 என்று வென்றது. இரண்டு ஆண்டுக்கு முன் இதே மேடையில், இதே கேன்சஸ் சிட்டியிடம் அவர் 35-38 என்று தோற்றவர். அந்த ஆட்டத்தில் தானே ஓடி மூன்று டச்டவுன் போட்டார். ஓடும்போது யாரும் தொடாமலே பந்தைத் தவறவிட, எதிராளி அதை எடுத்துக்கொண்டு போய்ப் புள்ளி சேர்த்தான். அப்போது ஓடியது 70 கெஜம், இப்போது 72. ஓட்டம் குறையவில்லை. ஆனால் இம்முறை எறிந்த 22இல் 17 போய்ச் சேர்ந்தது. பந்து கையைவிட்டு நழுவவில்லை. நிதானமாகப் பின்வாங்கி, ஆளைப் பார்த்து, 46 கெஜம் தூக்கி எறிந்த ஒரு பந்து சக ஆட்டக்காரர் டெவான்டா ஸ்மித்தின் கையில் போய் விழுந்தது. மருமகன் கத்திய கத்தில் கூடையோடு கைப்பேசி கவிழ்ந்தது.

அந்தச் சத்தம் அடங்கியபோதுதான் வெளியே விமானம் கேட்டது. ஓடுபாதையில் சக்கரம் உருண்டு, இரைச்சல் ஏறி, சட்டென்று சக்கரச் சத்தம் மட்டும் நின்றுபோனது. ஓடுபாதைக்கு ஒரு முடிவு உண்டு. விமானம் ஓடுவது அந்த முடிவுக்குள் வேறொன்றாக மாறுவதற்கு. உருளுவதிலேயே சுகம் கண்டுவிட்டால் எதிரே வேலிதான். ஓடுகிறவன் நிலைப்பானா என்று மருமகன் என்னிடம் கேட்டிருக்கக் கூடாது. கால் சம்பாதித்துக் கொடுத்த நேரத்தில் கண் என்ன கற்றுக்கொண்டது என்று கேட்டிருக்க வேண்டும். வேகம் என்பது இளமை நமக்குக் கொடுக்கும் கடன். அதைச் செலவு செய்தவன்தான் நான்.

சாயங்காலங்களில் தாமான் திடலில் பையன்களுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கிறேன். அதில் ஒருவன், பத்து வயது, காற்று மாதிரி ஓடுவான். அவனைப் பார்த்தால் எனக்கு மகிழ்ச்சியும் பயமும் சேர்ந்து வரும். தைப்பூசம் முடிந்த வாரம் அவனைக் கூப்பிட்டு, கோட்டோரம் போனதும் ஒருதரம் நின்று தலையைத் தூக்கு என்றேன். அவனுக்குப் பிடிக்கவில்லை. முதல் இரண்டு தடவை நிற்காமல் ஓடினான். மூன்றாவது தடவை நின்றான். மூச்சு வாங்கியது. தலையைத் தூக்கினான். வலப்புறம் காலியாக நின்ற பையனைக் கண்டுபிடித்து உதைத்தான்.

பந்து அவனைத் தாண்டி வாய்க்கால் பக்கம் உருண்டு போய்விட்டது. எடுத்து வரச் சொன்னேன். இன்னொரு முறை ஆரம்பித்தோம்.