நாளைப் போகிறவர்கள்

நண்பர் ஒருவர் தம் கவிதைகளின் கையெழுத்துப் பிரதியை தி. நகர் பனகல் பூங்காவில் வைத்து என்னிடம் கொடுத்தார். படித்துவிட்டு அபிப்பிராயம் எழுதித் தருவதாகச் சொன்னேன். அடுத்த ஏழு மாதங்கள், பார்த்தபோதெல்லாம் 'அடுத்த வாரம்' என்றேன். எட்டாம் மாதம் அவர் இறந்துபோனார். கட்டு என் மேஜைமேல்தான் இருந்தது. கட்டியிருந்த நூலைக்கூட நான் பிரிக்கவில்லை.

சோம்பல் என்று சொல்லித் தப்பித்துவிடலாம். ஆனால் அந்த ஏழு மாதங்களும் நான் சும்மா இருக்கவில்லை. இரண்டு மொழிபெயர்ப்புகளை முடித்தேன். புத்தக அலமாரியை ஒழுங்குபடுத்தினேன். ஒத்திப்போடுகிறவன் பல சமயம் நல்ல உழைப்பாளி. ஒன்றைச் செய்யாமலிருப்பதற்காக மற்ற எல்லாவற்றையும் செய்கிறான். வள்ளுவருக்கு இது தெரிந்திருக்கிறது. மடியின்மை அதிகாரத்தில் காலம் நீட்டிப்பதையும் மறதியையும் சோம்பலையும் தூக்கத்தையும் அவர் தனித்தனியாகவே எண்ணுகிறார்.

சோம்பல் இல்லையென்றால் வேறு எது?

தமிழில் இதையே பெயராகச் சுமப்பவர் ஒருவர் இருக்கிறார்: திருநாளைப்போவார். மயிலாப்பூரில் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் அறுபத்து மூவர் மாட வீதிகளைச் சுற்றி வரும்போது அவரும் வருகிறார். நண்பர் இறந்த பிறகு வந்த திருவிழாவில் கூட்டத்தில் நின்றிருந்தேன். அந்தப் பெயர் முதல் தடவையாக உறுத்தியது.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தில் நந்தனாரை யாரும் கையைப் பிடித்துத் தடுப்பதில்லை. இரவு தூக்கமில்லாமல் கிடக்கிறார். தில்லைக்குப் போவது தம் குலத்துக்கு ஒவ்வாது என்று தாமே நின்றுவிடுகிறார். ஆசை திரும்ப எழுகிறது. நாளை போவேன் என்கிறார். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி நந்தன் சரித்திரம் எழுதியபோது ஓர் ஆண்டையைக் கொண்டுவந்தார். வயல் வேலையைக் காட்டி அனுமதி மறுப்பவர் அவர். ஒரே 'நாளை'க்கு இரண்டு காரணங்கள்: முதலாவதில் தடை உள்ளே, இரண்டாவதில் வெளியே. எனக்கு இரண்டும் ஒன்றாகவே படுகின்றன. வெளியே நின்ற மதில்தான் உள்ளே புகுந்து தயக்கமாகியிருக்கிறது. அந்த நாளை அவருடையதல்ல. பிறர் அவர்மேல் சுமத்தியதை ஊர் அவருடைய பெயராக்கிவிட்டது.

சென்னை மாகாணம் முழுமைக்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் 1947இல்தான் வந்தது. அதற்கு முன்பும் அவர் திருமேனி பல்லக்கில் இந்த வீதிகளைச் சுற்றியது. அவருடைய மக்களுக்குக் கோயில் கதவு மூடியிருந்தது. அத்தனை காலமும் நாளை என்று சொல்லிக்கொண்டிருந்தவர் நந்தனார் இல்லை.

ஆகவே எந்த 'நாளை'யிடமும் முதலில் கேட்க வேண்டியது, மதில் யாருடையது என்பது. பிறர் எழுப்பியதென்றால் அங்கே நின்றவனைக் குறை சொல்வது அநியாயம். இடிக்க வேண்டியது மதிலை. என் விஷயத்தில் அப்படி எதுவும் இல்லை. கதவு திறந்திருந்தது, காகிதம், பேனா, நேரம் எல்லாம் இருந்தன. நந்தனாரின் சொல்லை உபயோகிக்க எனக்கு எந்த உரிமையும் கிடையாது.

கவிதைகள் மோசமாக இருந்தால் முகத்துக்கு நேரே சொல்ல நேருமே என்ற கூச்சம்தான் காரணம் என்று நம்பியிருந்தேன். அவர் போனபின் கட்டைப் பிரித்துப் படித்தேன். நல்ல கவிதைகள். அப்போதுதான் விளங்கியது: அவை நன்றாக இருந்துவிடும் என்றுதான் பயந்திருக்கிறேன். இருபது வருஷமாக நான் எழுதப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்ததை அவர் சத்தமில்லாமல் எழுதி முடித்திருந்தார். எழுதாத என் கவிதைகளில் ஒரு குறையும் இல்லை. அந்தப் பூரணத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அவரைக் காக்கவைத்தேன்.

கால அட்டவணைகளும் சபதங்களும் இதற்கு உதவுவதில்லை. பற்றாக்குறை நேரத்தில் இல்லை. எதற்குப் பயப்படுகிறோம் என்பதைப் பெயர் சொல்லி ஒப்புக்கொண்டால், பயம் போகாவிட்டாலும் அதற்குப் பொறுமை, பக்குவம், தரம் என்று வேறு பெயர்கள் வைப்பது நின்றுபோகும். குறையோடு எழுத ஆரம்பிக்க அது போதும்.

முதல் கவிதையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். சுமாராகத்தான் வந்திருக்கிறது. பனகல் பூங்காவுக்கு எடுத்துப்போய் அவரிடம் காட்ட முடியாது.