எதிர்பார்ப்பும் வாக்கும்: ஓர் அறவியல் நோக்கு

ஒரு பொருள் கைக்கு வருமுன்னரே அதனால் விளையும் இன்பம் தொடங்கிவிடுகின்றது. இவ்வின்பத்தை அறிஞர் அனைவரும் ஒருபடித்தாக நோக்கினாரல்லர். உடலின்பம் நிகழ்காலத்தோடு முடிந்துவிட, உள்ளத்தின்பம் சென்றதையும் வருவதையும் தழுவி நிற்றலால் உயர்ந்தது என்பது கிரேக்க மெய்யியலாளர் எப்பிக்கூரசின் கருத்து. உரோம அறிஞர் செனக்காவோ, நாளையை நம்பி இன்றை இழக்கச் செய்யும் எதிர்பார்ப்பே வாழ்வுக்குப் பெருந்தடை என்றார். வேட்கையே துன்பத்தின் தோற்றுவாய் என்றது பௌத்தம். வள்ளுவர் அவாவறுத்தலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். இந்நோக்குகள் யாவும் எதிர்பார்ப்பவனின் உள்ளத்தையே மையமாகக் கொண்டவை. எதிர்பார்க்கச் செய்தவனுக்குரிய கடப்பாடு யாது என்பது வேறொரு வினா. சிறுவர் விளையாட்டெனப் பலரும் ஒதுக்கிவிடும் ஒரு பொருள் அவ்வினாவைத் தெளிவாக எழுப்புகின்றது.

ஜப்பானிய நிறுவனமாகிய நின்டெண்டோ 1989இல் ‘கேம் பாய்’ என்னும் கையடக்க விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. அவ்வழியில் வந்த ‘சுவிச் 2’ என்னும் கருவி 2025 ஜனவரி 16இல் அறிவிக்கப்பட்டு, ஏப்ரில் 2இல் அதற்குரிய விளையாட்டுகள் காட்டப்பட்டு, ஜூன் 5இல் விற்பனைக்கு வந்தது. ஜப்பானில் நிறுவனத்தின் சொந்த இணையக் கடையில் அதனை வாங்கும் வாய்ப்புக்கு நடந்த குலுக்கலில் ஏறத்தாழ 22 இலட்சம் பேர் விண்ணப்பித்தனர். முதல் நான்கு நாள்களில் உலகெங்கும் 35 இலட்சத்துக்கு மேற்பட்ட கருவிகள் விற்பனையாயின. இத்தகைய கருவி வெளிவரும் நாளில் அதற்கெனவே ஆக்கப்பட்ட விளையாட்டுகள் மிகச் சிலவே இருத்தல் வழக்கம். எனவே, வாங்குபவன் கைக்கொள்வது கருவியையே எனினும், அவன் விலை கொடுப்பது பெரும்பாலும் இனி வரவிருப்பனவற்றுக்கே. கடையில் விற்கப்படும் பொருளின் பெரும்பகுதி வாக்காகவே இருக்கின்றது.

களனி கங்கைக்கு வடக்கே, நீர்கொழும்பு வீதியை அண்டிய வத்தளையில் இதற்காகக் காத்திருக்கும் ஓர் இளைஞனை எண்ணிப் பார்ப்போம். கருவி வெளியிடப்படுவதாக அறிவிக்கப்பட்ட நாடுகளுள் இலங்கை இல்லை. 2025இல் அமெரிக்காவில் அதன் விலை 449.99 டொலராக இருந்தது. டொலர் ஒன்று ஏறத்தாழ 300 ரூபாயாக இருந்த அவ்வாண்டில் இது, வரியும் வணிகர் இலாபமும் சேராமலே, 1,35,000 ரூபாய். 2025 ஏப்ரிலில் நடைமுறைக்கு வந்த தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் அவ்வாண்டில் மாதம் 27,000 ரூபாயாக இருந்தது. ஐந்து மாத உழைப்பு முழுவதையும் ஒரு விளையாட்டுக் கருவிக்குக் கொடுக்க எவராலும் இயலாது. ஆகவே அவன் அயலவரோடு சீட்டுப் போடுகின்றான். தன் முறை வரும்வரை, பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவின் கடைகளில் விலை விசாரிப்பதும், அறிவிப்புக் காணொளிகளை நண்பரோடு சேர்ந்து மீண்டும் மீண்டும் பார்ப்பதுமே அவன் விளையாட்டு.

இவ்விடத்து ஒரு மறுப்பு எழுதல் இயல்பு. 2022இல் ஒரு டொலரின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாயளவுக்கு ஏறியது. எரிபொருளுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். வரிசையிலேயே உயிர் நீத்தோரும் உளர். அத்தகைய காத்திருப்பைக் கண்ட நாட்டில் ஒரு விளையாட்டுக்குக் காத்திருத்தலை அறவியல் வினாவாகக் கொள்ளுதல் தகுமா? இம்மறுப்பு புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும் அது ஒன்றை மறந்துவிடுகின்றது. வரிசையில் நின்றவன் தேவையினால் நிறுத்தப்பட்டவன். அவன் எதையும் தேர்ந்துகொண்டானல்லன். அரிசிக்கும் எண்ணெய்க்கும் மட்டுமே காத்திருக்க உரிமையுடையவர் எனச் சிலரைக் கருதுவது, வறுமையை அவர்தம் உள்ளத்துக்குள்ளும் சட்டமாக்குவதாகும். பணம் படைத்தோரின் விருப்பத்தை இரசனை என்றும், சீட்டுப் போடுபவனின் விருப்பத்தை ஆடம்பரம் என்றும் பெயரிடும் வழக்கமும் இதனோடு சேர்ந்ததே.

தமிழ் அக மரபு காத்திருத்தலை ஓர் ஒழுக்கமாகவே போற்றியது. முல்லைத் திணைக்கு உரிப்பொருள் இருத்தலும் இருத்தல் நிமித்தமும் என்பதை மாணவர் அனைவரும் அறிவர். ஆனால் அவ்விருத்தல் வெறுமனே தாங்கிக்கொள்ளுதல் அன்று. தலைவன் கார்காலத்தைக் குறித்துச் செல்கின்றான். அவனும் அதனால் கட்டுண்டவன். தேர்ப்பாகனை விரைவுபடுத்தும் அவன் பரபரப்பு, தலைவியின் பொறுமைக்கு ஈடாக மறுபுறம் நிற்கின்றது. மழை பெய்த பின்னும் அவன் வாராதவிடத்து, இது பருவமழையன்று, காலமல்லாக் காலத்து வந்த மழை எனத் தலைவி கூறும் துறை இங்குப் பெரிதும் சிந்திக்கத்தக்கது. வாக்குக் கொடுத்தவனின் பெயருக்கு இழுக்கு வாராமல் காப்பவள் வாக்கைப் பெற்றவளே. விளையாட்டொன்று தாமதமாகும்போது நிறுவனத்துக்காகப் பரிந்து பேசும் இளைஞனும் அவளைப் போன்றவனே; ஆயின் அவனுக்காகத் தேரை விரட்டுபவர் உளரா?

மூன்று நிகழ்ச்சிகளை நோக்குவோம். 2017 ஜூனில் ‘மெற்றொயிட் பிரைம் 4’ என்னும் விளையாட்டு, பெயர் மட்டுமே காட்டப்பட்டு அறிவிக்கப்பட்டது. 2019 ஜனவரியில் நிறுவனத்தின் மூத்த அலுவலர் ஷின்யா தக்கஹாஷி காணொளியில் தோன்றி, ஆக்கம் எதிர்பார்த்த தரத்தை எட்டவில்லை என்றும், அமெரிக்காவின் ரெற்றோ ஸ்ரூடியோசிடம் பணி மீளத் தொடங்கப்படுகின்றது என்றும் தெரிவித்தார். அது வெளிவந்தது 2025 டிசெம்பர் 4இல். 2012இல் அறிவிக்கப்பட்ட ‘சைபர்பங்க் 2077’ பலமுறை நாள் தள்ளி 2020 டிசெம்பர் 10இல் வந்தது. பழைய கருவிகளில் அது ஒழுங்காக இயங்காமையால், சில நாள்களிலேயே சோனி நிறுவனம் அதனைத் தன் இணையக் கடையிலிருந்து நீக்கிப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தது. பின்னர் திருத்தப்பட்டுச் சுவிச் 2 வெளியான நாளன்றே அதற்கும் அது வந்தமை வேறு. அவுஸ்திரேலியாவின் சிறு குழுவொன்று 2019இல் அறிவித்த ‘ஹொலோ நைற்: சில்க்சோங்’ பற்றி நெடுங்காலம் பேச்சே இல்லை; இரண்டு வாரங்களுக்கு முன் நாளைச் சொல்லி, 2025 செப்டெம்பர் 4இல் வெளியிட்டனர்.

முதலாவதில் காலம் பற்றிய நம்பிக்கை பொய்த்தது. இரண்டாவதில் பொருள் பற்றிய வாக்கு பிறழ்ந்தது. பின்னையதே பெரும்பிழை. காலம் பிறழ்ந்ததை ஒப்புக்கொள்பவன் காத்திருப்பவனைத் தன்னோடு ஒத்த அறிவுடையவனாக மதிக்கின்றான். விட்டுவிடுவதா, தொடர்ந்து காத்திருப்பதா என்னும் தெரிவை அவனிடமே கொடுக்கின்றான். குறையை மறைத்து நாளைக் காப்பவன் அத்தெரிவைப் பறிக்கின்றான். முற்பணம் பெற்ற பின்னர் அவ்வாறு செய்தல் இன்னும் கொடிது. மௌனம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. பொய் கலவாதது எனினும், காத்திருப்பவரை ஊகத்துக்கே விட்டுவிடுகின்றது.

வத்தளை இளைஞனுக்கு எவரும் நேரே வாக்களித்ததில்லை என்பர். அஃது உண்மையே. ஆனால் அறிவிப்பு உலகத்தார் அனைவரின் செவியிலும் விழுமாறே செய்யப்பட்டது. அவனும் அவன் நண்பரும் பேசிய பேச்சாலும் அதன் புகழ் வளர்ந்தது. அவ்வளர்ச்சியின் பயனைக் கொண்டவர், விற்கக் கடமைப்படாவிடினும், மெய் கூறக் கடமைப்பட்டவரே.

அவன் முறை வந்து, கருவியும் விளையாட்டு அட்டையும் கைக்கு வந்த பின்னும் ஒரு காத்திருப்பு எஞ்சும். சுவிச் 2க்குரிய அட்டைகளுள் ஒருவகை விளையாட்டைத் தன்னுள் கொண்டதன்று. நிறுவனத்தின் சேமக்கணினியிலிருந்து அதனைப் பதிவிறக்குவதற்கான திறவுகோல் மாத்திரமே. முந்திய கையடக்கக் கருவியான ‘3டிஎஸ்’இன் இணையக் கடையில் விற்பனை 2023 மார்ச் 27இல் நிறுத்தப்பட்டது. வாங்கியவை மீளப் பதிவிறக்கப்பட அப்போது வழி விடப்பட்டதெனினும், கதவு எவர் கையில் உள்ளது என்பது அன்று தெளிவாயிற்று. சீட்டுப் பணத்தில் வாங்கிய அட்டை சில ஆண்டுகளின்பின் தம்பியின் கைக்குப் போகும். வெளியீட்டு நாளை மாதக்கணக்கில் முன்கூட்டியே விளம்பரஞ்செய்யும் நிறுவனங்களிடம், சேமக்கணினி மூடப்படும் நாளை விற்பனையின்போதே அறிவிக்கும் வழக்கம் இல்லை.