தெரிந்தே செய்தவன்

வகுப்பறையில் தோழனை அடித்து வீழ்த்திய பதினாறு வயது இளைஞனைப் பற்றி நாம் வழங்கும் தீர்ப்பு பெரும்பாலும் இரண்டே சொற்களில் முடிந்துவிடுகிறது: "தெரிந்தே செய்தான்." அவனுக்குத் தெரியும் என்பதில் ஐயமில்லை. அடிப்பது தவறென்று அவனே நமக்கு எடுத்துரைப்பான். ஆயின், தெரிந்திருத்தலும் தன்னைத் தடுத்துக்கொள்ள வல்லவனாயிருத்தலும் ஒன்றுதானா?

நம் அறநெறி மரபு இவ்விரண்டையும் ஒன்றாக்கியதில்லை. சாவான பாவத்திற்குக் கனமான காரியம் மட்டும் போதாது. முழு அறிவும் வேண்டும், முழுச் சம்மதமும் வேண்டும் என்று மறைக்கல்வி வகுப்பிலேயே மனப்பாடம் செய்தோம். அச்சமும் பழக்கமும், உளவியல், சமூகக் காரணங்களும் ஒருவரது பொறுப்பைக் குறைக்கவோ நீக்கவோ கூடும் என்பதும் 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலில் உண்டு. மனப்பாடமாகிவிட்டதாலோ என்னவோ, அந்தச் சம்மதம் மனிதனுள் எங்ஙனம் உருவாகிறது, எதனால் முடமாகிறது என்னும் கேள்வி பின்தங்கிவிட்டது. ருமேனிய நாட்டுக் குழந்தைகளின் கதை இக்கேள்வியை நம் முன் வைக்கிறது.

மக்கள்தொகையைப் பெருக்க விரும்பிய சௌசெஸ்குவின் அரசு, 1966இல் கருக்கலைப்பைப் பெரும்பாலும் தடைசெய்தது. அவ்வரசு வேண்டியது உழைக்கும் கைகளின் எண்ணிக்கையை, குழந்தைகளை அன்று. வளர்க்க வழியற்ற பெற்றோர் பலர் பிள்ளைகளை அரசு விடுதிகளில் விட்டனர். 1989 டிசம்பரில் அந்த ஆட்சி வீழ்ந்தபோது அங்கிருந்தோர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர். தொட்டிலும் ஓரளவு உணவும் இருந்தன. அழுதால் வந்து தூக்கும் கை இல்லை. சில காலத்தில் குழந்தைகள் அழுவதையே விட்டுவிட்டனர்.

2000ஆம் ஆண்டையொட்டிச் சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் புக்கரெஸ்ட் நகர விடுதிகளிலிருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தனர். யார் யாருக்குக் குடும்பம் என்பது குலுக்கல் முறையில் முடிவாயிற்று. (சீட்டெடுத்துத் தாய்மடி வழங்குவது தகுமா என்று நம் மனம் உறுத்தத்தான் செய்கிறது. அதுவரை அந்நகரில் வளர்ப்புக் குடும்ப ஏற்பாடே அரிது என்பதையும் சொல்லவேண்டும்.) மடி கிடைத்தவர்கள் தேறினர். இரண்டு வயதுக்குமுன் கிடைத்தவர்களிடம் பாசப்பிணைப்பு நன்கு தளிர்த்தது, அறிவுத்திறனும் உயர்ந்தது. ஆனால் ஒன்று மட்டும் எளிதில் திரும்பி வரவில்லை. கவனத்தை ஒன்றில் நிறுத்துவது, சொன்னதை மனத்தில் இருத்திச் செயலாற்றுவது, எழும் உந்துதலை ஒரு கணம் பிடித்துவைப்பது ஆகிய திறன்களில் அவர்கள் எட்டு வயதிலும், பதினாறு வயதிலுங்கூட, பிறந்தது முதல் குடும்பத்தில் வளர்ந்தோருக்குப் பின்தங்கியே நின்றனர்.

மடிக்கும் தன்னடக்கத்திற்கும் என்ன உறவு? அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்து 2013இல் வெளியான ஒரு சிறு சோதனை இதற்கு ஒளி தருகிறது. மூன்று முதல் ஐந்து வயது வரையான 28 குழந்தைகள். பாதிப் பேருக்கு, தருவதாகச் சொன்ன நல்ல வண்ணப் பொருள்களைப் பெரியவர் கொண்டுவந்து தந்தார். மறுபாதிக்குக் கையை விரித்தார். பின்னர் எல்லார் முன்னும் ஓர் இனிப்பு வைக்கப்பட்டது. உண்ணாமல் காத்திருந்தால் இன்னொன்று என்று வாக்கும் தரப்பட்டது. வாக்குக் காக்கப்பட்ட குழந்தைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் பொறுத்தனர். ஏமாந்தவர்கள் மூன்று நிமிடமே. இவர்களைப் பேராசைக்காரர்கள் என்பதா? நாளை என்பது வரும் என்று நம்பக் காரணமில்லாதவன் இன்றே எடுத்துக்கொள்கிறான். குடித்துவிட்டு வரும் தந்தையின் காலடி ஓசையைக் கேட்டுக் கேட்டே வளர்ந்த பிள்ளைக்கும் சற்று இது பொருந்தும். ஓசை கேட்டவுடன் நகர்வதே வீட்டில் அவனைக் காத்தது. நின்று யோசித்திருந்தால் அடி விழுந்திருக்கும். அதே விரைவு வகுப்பறையில் குற்றமாகிறது.

அப்படியானால் அவன்மேல் குற்றமே இல்லையா? அடிபட்ட தோழனின் வலி உண்மையானது. அவனுக்கும் நீதி உண்டு. மேலும், "இவனால் முடியாது" என்று சொல்லி ஓர் இளைஞனை மன்னித்துவிடுவது இரக்கம்போல் தோன்றினும், அவனை மனிதக் கணக்கிலிருந்து கழித்துவிடுகிறது. காயப்பட்டோர் எல்லாரும் அடிப்பவராவதுமில்லை. குறைந்த பொறுப்பும் பொறுப்பே. ஆனால் குறைந்ததை முழுமையென்று கணக்கிடுவது பொய்யாகும். குறைந்த பங்கு எவர் கையிலிருந்து பறிபோயிற்றோ, அவர்களிடமும் கணக்குக் கேட்கவேண்டும்.

2015ஆம் ஆண்டின் நம் நாட்டு இளைஞர் நீதிச் சட்டம், கொடுங்குற்றம் செய்ததாகக் கூறப்படும் பதினாறு முதல் பதினெட்டு வயதுக்குட்பட்டோரை வயது வந்தோர்போல் விசாரிப்பதா என முடிவுசெய்யுமுன் சிலவற்றை மதிப்பிடச் சொல்கிறது: குற்றம் புரிய அவனுக்கு உடலாலும் மனத்தாலும் திறன் இருந்ததா, விளைவை அறியும் ஆற்றல் இருந்ததா, சூழ்நிலை என்ன. செய்யும் திறனைக் கேட்கிறார்கள். அறியும் திறனைக் கேட்கிறார்கள். செய்யாமல் நிற்கும் திறன் அவனுக்கு எவ்வளவு தரப்பட்டிருந்தது என்னும் கேள்வி அவ்வரிகளில் தனியே எழுதப்படவில்லை.