பில் போடாத பால்மாவு

மெர்லிமாவில் ஒரு சூப்பர்மார்க்கெட் வாசல் என்று வைத்துக்கொள்வோம். தோட்டத்திலிருந்து வந்த பெண்ணின் பைக்குள் பில் போடாத பால்மாவுப் பொட்டலம். "ஆபீசுக்கு வாங்கக்கா" என்கிறார் ஜாகா. ஆபீஸ் என்பது பின்பக்க ஸ்டோர்தான்: அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, முகத்துக்கு நேராக ஒரு கைப்பேசி. "பத்து மடங்கு கட்டிடுங்க, போலீசுக்குப் போகாது."

இது இரக்கமா, மிரட்டலா?

இரக்கம் என்று சொல்லவும் இடமுண்டு. கட்டடத்துக்குள் திருடினால் 10 ஆண்டு வரை சிறை என்கிறது தண்டனைச் சட்டத்தின் 380ஆம் பிரிவு. வீட்டில் பிள்ளைகளை விட்டு வந்தவளுக்குப் பத்து மடங்கான 300 வெள்ளி அதைவிட லேசு. லாக்கப் என்றாலே நம்மவர்கள் நடுங்குவதும் காரணமில்லாமல் இல்லை. கடைக்காரரின் நட்டமும் பொய்யில்லை.

ஆனால் நாற்காலியில் இருப்பவள் திருடினாளா, மறந்தாளா என்று இன்னும் யாரும் கேட்கவில்லை. நேர்மையற்ற எண்ணம் இல்லையென்றால் சட்டப்படி அது திருட்டே இல்லை. கண்ணெதிரே இத்தகைய குற்றம் செய்தவரைப் பிடிக்க, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு யாருக்கும் அதிகாரம் தருகிறது. தாமதிக்காமல் போலீசிடம் ஒப்படைக்கவும் சொல்கிறது. அபராதம் போடச் சொல்லவில்லை. போலீஸ் கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும். உறவினரையும் வழக்கறிஞரையும் தொடர்புகொள்ள விட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பெண்ணைப் பெண்தான் சோதிக்கலாம். வழக்கறிஞருக்குக் காசில்லாத குடிமக்களுக்குத் தேசிய சட்ட உதவி அறவாரியம் இருக்கிறது. இதெல்லாம் அவளுக்குத் தெரியாது. அந்தப் பத்து மடங்கு நிற்பதே அந்தத் தெரியாமையின்மேல்தான்.

பழைய தோட்டக்கடையில் பற்றுப் புத்தகம் இருந்தது. சம்பள நாள் வரை பால்மாவு எழுதிக்கொள்ளலாம். அந்தக் கடன் குடும்பங்களைக் கட்டிப்போட்டதும் உண்டு. ஆனாலும் எதிரே நிற்பவரின் பெயர் கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது.

2016இல் புக்கிட் மெர்தாஜாமில் 27 வெள்ளிக்குப் பழமும் பானமும் எடுத்துப் பிடிபட்ட தகப்பனுக்கு ஹைப்பர்மார்க்கெட் நிர்வாகி வேலையே தர முன்வந்தார். எல்லாக் கடைக்கும் அது முடியாது. மன்னிப்பதானால் மன்னிக்கலாம், புகார் கொடுப்பதானால் கொடுக்கலாம். விலை போட்ட மன்னிப்பு இரண்டிலும் சேராது.

பணத்தைக் கட்டிவிட்டாலும் வீடியோ யாரோ ஒருவரின் கைப்பேசியில் இருக்கிறது. மாசிமகத்தன்று செங் சன்னாசிமலைக் கோயில் வரிசையில் முன்னால் நிற்பவர் சும்மா திரும்பிப் பார்த்தாலும் அவளுக்குத் தூக்கிவாரிப் போடும்.